அக்கா சொன்ன கிணறு

திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் பிறந்து, இன்றைக்கு முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிற என் வயதுக்காரர்களே, தேய்க்கிறபோது கணுக்காலையும் ஒரு பார்வை பாருங்கள். புளியங்கொட்டை அளவில் வெள்ளையாக ஒரு தழும்பு இருந்தால் நாமெல்லாம் ஒரே பஞ்சத்தில் தண்ணீர் குடித்தவர்கள். நரம்புச்சிலந்தி வெளியே வந்த வாசல் அது. இப்போதுள்ள டாக்டர்ப் பிள்ளைகளிடம் காட்டினால் நாய் கடித்ததா என்று கேட்கிறார்கள். உடம்புக்குள் நூல் மாதிரி ஒரு புழு கை நீளத்துக்கு வளரும், தோலைப் பொத்துக்கொண்டு தலை நீட்டும், அதை ஈர்க்குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் வெளியே எடுப்போம் என்று சொன்னால், பாட்டி கதை விடுகிறது என்று சிரிக்கிறார்கள்.

நான் கதை விடவில்லை. என் தழும்பைச் சொல்ல வேண்டுமானால் என் அக்காவைச் சொல்ல வேண்டும். அக்காவைச் சொன்னால் வெள்ளைக்கார சிஸ்டரைச் சொல்ல வேண்டும். சிஸ்டரைச் சொன்னால் அவருடைய பாஷையில் கிணறு என்ற ஒரே ஒரு சொல்லையும் சொல்லியாக வேண்டும். எனக்கு அந்தப் பாஷையில் வேறு எதுவும் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல்லை இன்றைக்கும் எல்லா உருவிலும் தப்பில்லாமல் சொல்வேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை. நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் ஊர் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் இடையில் இருக்கிறது. அப்பாவுக்கு அங்கே மளிகைக் கடை. கடைக்காரர்கள் குடியிருந்த எங்கள் தெருவுக்கென்று ஒரு படிக்கிணறு இருந்தது. ஊரின் மற்றவர்கள் ஊருணியில் எடுத்தார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. பருப்பு சீக்கிரம் வேகும், ஊருணிக்காரர்களுக்கு வருகிற சிலந்தி நமக்கு வராது என்பார்கள். அதுவரை வந்ததும் இல்லை.

கருங்கல் படிகளில் இறங்க இறங்க வெயில் பின்னால் நின்றுவிடும். பாசி வாசனையும் பித்தளை வாசனையும் கலந்து வரும். மழை இல்லாத வருஷம் என்பதால் அதுவரை யாரும் பார்த்திராத அடிப்படிகளெல்லாம் வழுவழுவென்று வெளியே வந்துவிட்டன. கால் நனையாமல் தண்ணீர் எடுத்தவர் யாரும் இல்லை. முழங்கால் வரை இறங்கி, புழுதிக் காலைத் தேய்த்துக் கழுவி, அதே தண்ணீரை மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு வருவோம். அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

சிஸ்டருக்குத் தோன்றியது. சிலந்திக் கால் தண்ணீரில் பட்டால் புழு அதில் குஞ்சு விடும், அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு அடுத்த வருஷம் சிலந்தி வரும் என்பது அவர் கணக்கு. ஊர்க்கோடியில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து டிஸ்பென்சரி நடத்திய இரண்டு கன்னியாஸ்திரீகளில் இளையவர் அவர். அயர்லாந்துக்காரர். எங்கள் வெயிலில் அவர் மூக்கு எப்போதும் தோலுரிந்து சிவந்திருக்கும். வீடு வீடாகப் போய் இரண்டே விஷயம்தான் பேசுவார். நீங்கள் குடிப்பது எந்தக் கிணறு? அந்தத் தண்ணீரைத் துணியை இரண்டாக மடித்து வடிகட்டிக் குடிக்கிறீர்களா? கூடப் போய்ப் பேச்சை எடுத்துக்கொடுக்க ஒரு பெண் தேவைப்பட்டது. அக்கா பதினோராம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கடையில் வாடிக்கையாகச் சாமான் வாங்குகிறவர்கள் கேட்கும்போது அப்பாவால் முடியாதென்று சொல்ல முடியவில்லை.

"கிணறில் இறங்காதீங்க" என்பார் சிஸ்டர். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

"கிணத்துல சிஸ்டர், கிணத்துல."

"கிணறுதானே? அந்த 'று' எங்கே போச்சு?"

"தெரியல சிஸ்டர். அது அப்படித்தான்."

சாயங்காலம் அக்காவைக் கூட்டிவரப் போகிற சாக்கில் நான் டிஸ்பென்சரிக்குப் போய்விடுவேன். டிங்சர் வாசனை எனக்குப் பிடிக்கும். நீல விளிம்பு போட்ட வெள்ளை எனாமல் பேசின்கள் அங்கே கவிழ்த்து வைத்திருக்கும். புண் கழுவப் பழகட்டும் என்று அதில் ஒன்றை சிஸ்டர் அக்காவுக்கே கொடுத்திருந்தார். அந்த வாசலில் உட்கார்ந்துதான் கிணறு, கிணற்றை, கிணற்றுக்கு, கிணற்றிலிருந்து என்று அக்கா அவருக்கு வேற்றுமை உருபுகளைச் சொல்லிக்கொடுத்தாள். ஒருநாள் சிஸ்டர் களைத்துப்போய், உங்கள் சொல்லெல்லாம் வாலில் மாறுகிறது, எங்கள் சொல்லோ தலையில் மாறும் என்றார்.

"இங்கிலீசா சிஸ்டர்?"

"இங்கிலீஷ் இல்லை. எங்க அம்மா பேசுற பாஷை."

அப்படித்தான் அந்தச் சொல் எங்களிடம் வந்தது. தொபர். கிணறு என்று அர்த்தம். இங்கிலீஷ் 'ட' இல்லை, பல்லில் நாக்குப் படுகிற நம்முடைய 'த'. தனியாக நிற்கிறவரை தொபர். என் கிணறு என்றால் 'மொ ஹொபர்'. உன் கிணறு 'தொ ஹொபர்'. நம் கிணறு என்றதும் அந்தத் 'த' தேவி என்று சொல்லும்போது வருகிற 'த' மாதிரி கனத்துவிடும். 'ஆர் தொபர்'. எழுத்தில் நான் காட்ட முடியாது, நீங்களே சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவை மயக்கியது இதுவல்ல. அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய என்பதற்கெல்லாம் அந்தப் பாஷையில் ஒரே ஒரு 'அ'தான். 'அ ஹொபர்' என்றால் அவன் கிணறு. 'அ தொபர்' என்றால் அவள் கிணறு. அதே 'த' கனத்து வந்தால் அவர்கள் கிணறு. வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"கிணத்தோட தலையப் பாத்துத்தான் யாரு கிணறுன்னு கண்டுபிடிக்கணுமாம்டி. நம்மூர்ல எறங்குற ஆளப் பாத்துக் கண்டுபிடிக்கோம்."

வாலிலும் கொஞ்சம் மாறும். கிணற்றுத் தண்ணீர் என்றால் 'இஷ்க அன் தொபிர்', கடைசி எழுத்து மெலிந்துவிடும். பல கிணறுகள் என்றால் வாயில் நுழையாத ஒரு நீளச் சொல். கிணற்றைக் கூப்பிடுவதற்கென்றே ஓர் உரு இருந்தது, 'அ ஹொபிர்'. கிணறே என்று அர்த்தம். நமக்கும் எட்டாம் வேற்றுமை இருக்கிறதே என்று அக்கா சொன்னபோது சிஸ்டர் கைதட்டினார். அவர் ஊரில் கிணற்றுக்கு சாமி உண்டாம், வேண்டிக்கொண்டு பக்கத்து மரத்தில் துணி கட்டுவார்களாம். எங்கள் ஊர் வேப்பமரத்தைக் காட்டி, இதே மாதிரிதான் என்றார். அவருக்குக் கடைசிவரை பிடிபடாதது நம்ம, எங்க என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அவர் பாஷையில் இரண்டுக்கும் ஒரே 'ஆர்'தான். எல்லார் வீட்டு வாசலிலும் நின்று "நம்ம கிணறு" என்பார். அம்மாவுக்கு அது பிடிக்காது. நேத்து வந்தவளுக்கு எங்கிருந்து நம்ம கிணறு என்று அடுப்படியில் முனகுவாள்.

அக்கா வீடு பெருக்கும்போதும், மாவாட்டும்போதும் அந்த வரிசையைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். மொ ஹொபர், தொ ஹொபர், அ ஹொபர், அ தொபர். ஆட்டுக்கல் சுற்றுக்கு அது நன்றாகப் பொருந்தும். என்னையும் சொல்ல வைப்பாள்.

அந்த ஆனியில் மதுரையில் நர்ஸ் படிப்புக்கு அக்காவைச் சேர்த்துவிடுவதாக சிஸ்டர் சொல்லியிருந்தார். இடம் உறுதி, தானே கூட்டிப்போய் விடுவதாகவும் சொன்னார். அப்பா "பாப்போம்" என்றார். எங்கள் அப்பா பாப்போம் என்றால் முக்கால்வாசி சம்மதம். அக்கா அன்றைக்கு என்னைத் தூக்கிச் சுற்றினாள். வெள்ளைச் சேலையை எப்படிக் கட்டுவது என்று அப்பாவின் வேட்டியை வைத்துப் பழகிப் பார்த்தாள்.

அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "வேதத்துல சேத்துருவாக" என்றாள். மகளைக் கிறிஸ்தவச்சியாக்கி விடுவார்கள் என்பது அவள் பயம். அடுத்த வீட்டில் இருந்த பெரியம்மா அந்தப் பயத்துக்கு இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினாள்.

சித்திரையில் சிஸ்டர்கள் இருவரும் தியானத்துக்கென்று மலைக்குப் போனார்கள். அவர்கள் போன வாரத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் தடித்துத் தடித்து அரித்தது. கணுக்காலுக்கு மேல் நெருப்பு வைத்த மாதிரி எரிகிறது என்றாள்.

"சிலந்தியா இருக்கும்மா. பள்ளிக்கூடம் போயிட்டு வாரப்ப ஊருணியில கையேந்திக் குடிச்சிருக்கேன்."

அம்மா பதில் சொல்வதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டாள்.

"நம்ம தெருவுல ஏதுத்தா சிலந்தி? அது ஊருணிக்காரவுகளுக்கு வாரது."

காய்ச்சல் ஏறியதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டாள். மொ ஹொபர், தொ ஹொபர். நடுநடுவே 'அ ஹொபிர், அ ஹொபிர்' என்று கூப்பிட்டாள். தாகத்தில் கிணற்றைக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சொன்னேன். சின்னப்பிள்ளை பேச்சு யார் காதில் ஏறும்?

"கேட்டியா தங்கச்சி," என்றாள் பெரியம்மா அம்மாவிடம். "ஒரே வார்த்த. தலை மட்டும் மாறி மாறி வருது. மந்திரம்ல இது. வெள்ளக்காரி ஏத்தி விட்டுட்டுப் போயிருக்கா."

மறுநாள் மத்தியானம் பரளச்சிப் பக்கத்திலிருந்து கோடாங்கி வந்தார். உடுக்கையடித்துக் குறி சொல்லி, பிடித்திருப்பது எது என்று கேட்டு விரட்டுகிறவர். மெலிந்த மனிதர், வந்ததும் எனக்கு ஒரு பனங்கற்கண்டு கொடுத்தார். அவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தொழிலை ஒழுங்காகச் செய்தார். நடுவீட்டில் அக்காவை உட்காரவைத்து, உடுக்கை அதிர அதிர அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"யாரு நீ? சொல்லு. பிள்ள வாயில வாரது என்ன?"

அக்காவுக்கு வெட்கமும் கோபமும் வந்தன. எல்லாருக்கும் புரியட்டும் என்று பொறுமையாகவே சொன்னாள்.

"கிணறு."

"என்னது?"

"கிணறு. நான் சொல்றது பூராம் கிணறுதான். வேற ஒண்ணும் இல்ல."

உடுக்கை நின்றது. கோடாங்கி அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "இந்தக் கிணத்துல பொம்பள யாரும் விழுந்திருக்காகளா?" எந்தக் கிணற்றில்தான் விழவில்லை. அம்மா கல்யாணமாகி வருவதற்கு முன்னால் ஒருத்தி விழுந்திருந்தாள். பெரியம்மா மூக்கைச் சிந்தினாள். அதற்குப் பிறகு அக்கா சொன்னது எதுவும் அக்கா சொன்னதாக யாருக்கும் படவில்லை. எங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் தமிழ் தெரியும். அவளும் தமிழில்தான் சொன்னாள். அதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு ஆறவில்லை.

கிணற்றிலிருந்து வந்தவளைக் கிணற்றிலேயே விட வேண்டும் என்பது தீர்ப்பு. வெள்ளிக்கிழமை காலையில் அக்காவை மஞ்சள் சேலையோடு படிக்கிணற்றில் இறக்கினார்கள். இடுப்பளவு தண்ணீரில் நிற்கவைத்து, வேப்பிலைக் கொத்தால் தோளிலும் முதுகிலும் தட்டினார்கள். தெருவே படிகளில் நின்றது. நான் அடிப்படிக்குப் பக்கத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தண்ணீரில் நின்ற கொஞ்ச நேரத்தில் அக்காவின் முகம் தளர்ந்தது. அத்தனை நாள் எரிந்த எரிச்சல் அடங்கியதில் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். கோடாங்கி "இறங்குது, இறங்குது" என்றார். தண்ணீர் தெளிவாக இருந்ததால் அவள் கால் எனக்குத் தெரிந்தது. கணுக்காலுக்கு மேலிருந்து அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெள்ளையாக ஒன்று மெல்லப் புகைந்து பரவியது. கோடாங்கியும் பார்த்தார்.

"அந்தா போறா பாருங்க."

எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அம்மா அழுதாள். சடங்கு முடிந்ததும் அவரவர் குடத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் அக்காவின் காலில் உடைந்திருந்த கொப்புளத்திலிருந்து புழு தலை நீட்டியது. இது வேறே, அது வேறே என்றாள் பெரியம்மா. அக்கா ஈர்க்குச்சியை வெந்நீரில் போட்டெடுத்துத் தானே சுற்ற ஆரம்பித்தாள். சிஸ்டர் கொடுத்த எனாமல் பேசின் வீட்டில் இருக்கக்கூடாது என்று கோடாங்கி சொல்லியிருந்ததால் அது குப்பைமேட்டுக்குப் போய், அங்கிருந்து பெரியம்மா வீட்டுக் கோழிகளுக்குத் தண்ணீர்ச் சட்டியாகிவிட்டது. கோழியைப் பேய் பிடிக்காது போலும்.

மலையிலிருந்து வந்ததும் சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளறையில் அக்காவின் பக்கத்தில் இருந்தேன். அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக்காரியோடு இனிப் பேசுவதில்லை என்று அப்பாவின் தலையில் அடித்து அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். வாசலில் அம்மாவின் குரல் கேட்டது.

"அவ இல்லீங்க. பந்தல்குடியில அத்தை வீட்டுக்குப் போயிருக்கா. இனி வரமாட்டா. மாப்பிள்ள பாக்கோம்."

சிஸ்டர் எங்கும் கேட்பதைக் கேட்டார்.

"இங்கே யாருக்கும் சிலந்தி வரலையே? நம்ம கிணறு நல்லா இருக்கா?"

"எங்க கிணறு நல்லாத்தான் இருக்கு."

அக்கா குச்சியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் நகர்ந்து தேய்ந்தது. அந்த ஒரு கேள்விக்கு உண்மையான பதில் கிடைத்திருந்தால், அன்றைக்கே சிஸ்டர் தெருவில் ஒவ்வொரு வாசலாக நின்று துணியை மடிக்கவைத்திருப்பார். அக்காவின் காலை ஆற்றி மதுரைக்கும் கூட்டிப்போயிருப்பார். எங்கள் கிணற்றைப் பற்றி எங்களுக்கு இருந்த பெருமைதான் அன்றைக்கு வாசலில் நின்று பதில் சொன்னது. ஆனியில் அந்த இடம் வேறு யாருக்கோ போனது. ஐப்பசி வருவதற்குள் சிஸ்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்த சித்திரையில் எங்கள் தெருவில் சிலந்தி வராத வீடு இல்லை. பெரியம்மாவுக்கு இரண்டு காலிலும். எனக்குக் கணுக்காலில். அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே. அக்காவுக்கு நரிக்குடியில் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். காலை லேசாகச் சாய்த்துச் சாய்த்து நடந்துகொண்டு வீடு வீடாகப் போய் அவள்தான் எல்லாருக்கும் குச்சி சுற்றினாள். அறுந்துவிடக்கூடாது, அறுந்தால் சீழ் வைத்துவிடும் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுவாள். அவளுக்கு அந்த வேலை அவ்வளவு நன்றாக வந்தது. பார்த்துக்கொண்டிருந்த அப்பா கடைக்குப் போய்விடுவார்.

ஒருநாள் காலையில் முற்றத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் என் காலோடு முறைக்குக் காத்திருந்தேன்.

"இது எப்பத்தா உள்ள போயிருக்கும்?" என்றாள் அம்மா.

"குடிச்சு ஒரு வருசம் ஆகும் வெளிய வர. சிஸ்டர் சொல்லியிருக்காக."

"போன வருசம் இந்நேரம்."

"ம்."

அம்மா தன் காலிலிருந்து வருகிற வெள்ளை நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் பெரியம்மா வீட்டுக் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"போன வருசம் இந்நேரம் ஒன்னயக் கொண்டுபோயி நிப்பாட்டுனோம்."

அக்கா குச்சியை அரைச்சுற்று சுற்றித் துணியால் கட்டினாள்.

"கோடாங்கி கேட்டப்ப நீ கிணறுன்னுதான சொன்ன?"

"ஆமாம்மா. கிணறுன்னுதான் சொன்னேன்."

கட்டு முடிந்ததும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். பழைய சேலை ஒன்றைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. குடத்தின் வாயில் அந்தத் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள்.

அக்கா ஆவணியில் நரிக்குடிக்குப் போனாள். மிளகாய் வியாபாரம் செய்கிற நல்ல மனிதர்தான் அவளுக்கு வாய்த்தார். அவள் நர்ஸ் ஆகவில்லை. பிற்பாடு கிணற்றுக்கு மேலே சுவர் வைத்து, படிகளை அடைத்து, கயிறும் வாளியும் போட்டார்கள். எழுபதுகளின் கடைசியில் தெருவுக்குக் குழாய் வந்தது. சிலந்தி ஒழிந்தே போனது. அம்மா மட்டும் துணியை விடவில்லை. குழாய்த் தண்ணீரையும் வடிகட்டித்தான் குடித்தாள், சாகிறவரை. எதுக்கும்மா இது, குழாயில ஏது சிலந்தி என்று நான் சண்டை போடுவேன். காதில் வாங்கமாட்டாள்.

அக்கா ஊருக்கு வருகிற நாளில் அம்மா அந்தத் துணியை நான்காக மடிப்பாள்.